மூன்று காரணம்

ஏழாவது கேள்விக்கு விடை மூன்று என்று அச்சடித்து வந்த விடைத்தாள் சொன்னது. ஆகவே அவர் மூன்றுக்குக் காரணம் சொல்ல ஆரம்பித்தார். வெள்ளைப் பலகையில் அந்த ஆங்கில வாக்கியம் நான்கு வரிக்கு நீண்டு கிடந்தது. திமிங்கலங்கள் எப்படித் தூங்குகின்றன என்பதைப் பற்றியது. பாதி வாக்கியத்துக்குக் கீழே கோடு போட்டிருந்தது. கோடு போட்ட பகுதியை எப்படி எழுதினால் சரி என்று ஐந்து விடைகள் கொடுத்து, ஒன்றைப் பொறுக்கச் சொல்வார்கள். வெளிநாட்டு மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் இதற்கு வாக்கியத் திருத்தம் என்று பெயர். கணக்கில் சூரப்புலிகளாக இருப்பவர்கள்கூட இந்த இடத்தில் வந்து மண்ணைக் கவ்வுவார்கள். அவர்களைக் கைதூக்கி விடுவதற்குத்தான், கீழே மெத்தைக் கடையும் மேலே தகரக் கூரையுமாக இருந்த அந்தப் பயிற்சி நிலையத்தில் அவருக்கு வேலை. மாணவர்கள் அவரைக் காரணம் சார் என்பார்கள். எந்த விடையானாலும் அவர் மூன்று காரணம் சொல்வார். முதல் காரணத்தில் எதிராளிக்குச் சந்தேகம் வரும், இரண்டாவதில் தலை ஆடும், மூன்றாவதில் எதிராளியே பேனாவை எடுத்துத் தன் விடையை அடித்துவிடுவார்.

கடைசி பெஞ்சில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவள். இரவு வேலை முடிந்த கையோடு மருந்து வாசனையுடன் வகுப்புக்கு வருவாள். சட்டென்று எதையும் ஒப்புக்கொள்ள மாட்டாள் என்பதால் அவளுக்குச் சந்தேகம் என்று பேர் வைத்திருந்தார்கள்.

"சார், எனக்கு நாலுதான் சரின்னு படுது."

"ஏன் படுது?"

"ஏன்னு தெரியல சார். வாசிச்சுப் பார்த்தா எங்கயும் இடறல."

"இடறலைன்னா சரியாம்மா? எண்ணெய் கொட்டுன தரையிலயும்தான் இடறாது. வழுக்கும்."

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். அவர் பலகைக்குத் திரும்பி, எழுவாய் எங்கே இருக்கிறது, பயனிலை எங்கே போய்ப் படுத்துக்கொண்டது, நாலாவது விடையில் எந்தச் சொல் எதைப் பற்றிக்கொண்டு தொங்குகிறது என்று அம்புக்குறி அம்புக்குறியாகப் போட்டுக் காட்டினார். மூன்றாவது அம்புக்குறி போடும்போது அவருக்கே உடம்பில் ஒரு சூடு ஏறியது. இந்தச் சூட்டுக்காகத்தான் அவர் இந்த வேலையில் இருந்தார் என்றுகூடச் சொல்லலாம். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் தன் விடையை ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள்.

இடைவேளையில் நிலையத்தின் முதலாளியம்மா அவரை அறைக்குள் கூப்பிட்டாள். அவள் பேசும்போது எப்போதும் வேறு எதையாவது செய்துகொண்டிருப்பாள். அன்றைக்கு மின்விசிறி ரெகுலேட்டரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"சார், ஒரு சின்ன குளறுபடி. பிரஸ்ல இந்த செட்டுக்கு வேற செட்டோட விடையைச் சேர்த்துட்டாங்களாம். இப்பதான் போன் வந்துச்சு. நீங்க காலையிலேர்ந்து எடுத்தீங்களே, கவனிக்கலையா?"

அவர் கையிலிருந்த விடைத்தாளைத் திருப்பிப் பார்த்தார்.

"பரவால்ல, யாரும் ஒண்ணும் சொல்லலையே. உள்ள போய், உங்களைச் சோதிச்சுப் பார்த்தேன்னு சொல்லிட்டு சரியான விடையைச் சொல்லிடுங்க. நீங்க சொன்னா நம்பிடுவாங்க." அவள் புதுத் தாளை நீட்டினாள். "உங்க திறமையே திறமை சார். தப்பான விடைக்கும் மூணு காரணம் சொல்லியிருக்கீங்க பாருங்க. நானா இருந்தா முதல் கேள்வியிலேயே முழிச்சிருப்பேன்."

அவள் பாராட்டாகத்தான் சொன்னாள். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று சாதிக்கிறவனையாவது ஒரு கணக்கில் சேர்க்கலாம், முயலையாவது அவன் பிடித்திருக்கிறான். அவருடைய முயலை யாரோ ஓர் அச்சகத்தில் பிடித்துக் கொடுத்திருந்தார்கள். அவர் கால் மட்டும் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறார். தாளைப் பார்த்தார். ஏழாவது கேள்விக்கு விடை நான்கு.

அவர் உள்ளே போனார். முதலாளியம்மா சொன்னதை அப்படியே சொன்னார், வகுப்பு ஓவென்று கைதட்டியது. பிறகு நாலாவது விடை ஏன் சரி என்பதற்கு மூன்று காரணம் சொன்னார். தண்ணீர் பட்ட பாடாக வந்தது. காலையில் போட்ட அதே அம்புக்குறிகளின் தலையை மாற்றிப் போட்டால் போதுமாக இருந்தது. உடம்பில் அதே சூடு ஏறியது, அதுதான் அவரைப் பயமுறுத்தியது. பொய்க்கும் மெய்க்கும் ஒரே சூடு. எழுதுகோலை மேசையில் வைத்துவிட்டுச் சட்டைப்பையில் கையை விட்டுக்கொண்டார்.

வகுப்பு கலைந்தபின் அந்தப் பெண் மேசையருகே வந்து நின்றாள்.

"அப்ப நான் முதல்ல போட்டது சரியா சார்?"

"சரிதாம்மா."

"முதல்ல அது சரியாத்தான் தெரிஞ்சுது. நீங்க சொன்னப்புறம் தப்பாத் தெரிஞ்சுது. இப்ப ரெண்டும் ஒண்ணு மாதிரியே தெரியுது சார்." கோபமில்லாமல் சொன்னாள். வரும் சனிக்கிழமை அவளுக்குப் பரீட்சை. அவர் ஏதோ சொல்லி அனுப்பினார். என்ன சொன்னார் என்பது படியிறங்கும்போதே மறந்துவிட்டது.

சனிக்கிழமை அவருக்கும் பரீட்சை என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஊருக்கெல்லாம் நீச்சல் சொல்லிக் கொடுக்கிறவர் வருஷா வருஷம் ரகசியமாகக் குளத்தில் இறங்கி மூழ்கிக்கொண்டிருந்தார். ஆயுளுக்கு ஐந்து தடவைதான் எழுத விடுவார்கள், இது ஐந்தாவது. இந்தத் தேர்வில் ஒரு விசேஷம் உண்டு. எழுதி முடித்ததும் கணினித் திரை, உன் மதிப்பெண்ணை ஏற்றுக்கொள்கிறாயா, ரத்து செய்கிறாயா என்று கேட்கும். ஏற்றுக்கொண்டால்தான் எண் கண்ணில் படும். ரத்து செய்தால் நீ எவ்வளவு வாங்கினாய் என்பது உனக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது. இரண்டு நிமிஷம் தருவார்கள். முதல் இரண்டு தடவை அவர் ஏற்றுக்கொண்டார், இரண்டாவது எண் முதலாவதைவிடச் சின்னதாக இருந்தது. அடுத்த இரண்டு தடவையும் பயந்துபோய் ரத்து செய்துவிட்டு வந்தார்.

ஆரம்பத்தில் அவர் இப்படி இல்லை. முதலில் வாக்கியத்தை வாசிப்பார், விடையைத் தானே தேர்ந்தெடுப்பார், அப்புறம்தான் விடைத்தாளைப் பார்ப்பார். இரண்டும் ஒத்துப்போகாதபோதெல்லாம் விடைத்தாள்தான் ஜெயித்தது. வகுப்பு அதிகமாக ஆக, நேரத்தை மிச்சப்படுத்த முதலில் விடைத்தாளைப் பார்த்துவிட்டு அதற்குக் காரணம் தேடுவது சுலபமாக இருந்தது. வழக்கமும் ஆகிவிட்டது. எந்த நாளில் வாக்கியம் காதில் விழுவது நின்றது என்று அவரால் சொல்ல முடியாது. மறை கழன்றாலாவது ஒரு சத்தம் கேட்டிருக்கும்.

வீட்டுக்குப் போனபோது மனைவி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவள் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கிறவள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, அவளுக்கு அரை நாள்தான் வேலை. அவர் தட்டை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். சாப்பாட்டு மேசையின் ஒரு கால் ஆடியது. அதற்கு அடியில் அட்டையை மடித்து வைத்திருந்தார்கள். பரீட்சை முடியட்டும், மாற்றிவிடலாம் என்று அவர்தான் சொல்லியிருந்தார். அந்த வீட்டில் எல்லாமே பரீட்சை முடியட்டும் என்றுதான் நின்றுகொண்டிருந்தது. ஜன்னலுக்குத் திரை, கசியும் குழாய், அவளுடைய தங்கை வீட்டுக்கு ஒரு நடை, எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு குழந்தை. இனியும் தள்ளிப் போடாதீர்கள் என்று டாக்டர் போன மாதம் அவளிடம் சொல்லியிருந்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்த மனைவி அழவில்லை, சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "இந்தத் தடவை அந்த மார்க்கைப் பார்த்துட்டு வாங்க. வந்துச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்புவோம். வரலைன்னா இங்கயே வாழ்வோம். எதுவா இருந்தாலும் எனக்குத் தெரியணும்." அவர் அவள் கையைப் பிடித்துச் சத்தியம் பண்ணியிருந்தார்.

"இன்னிக்கு ஒரு லாரி டிரைவர் வந்தாருங்க," என்றாள் இப்போது. "லைசென்ஸுக்குக் கண்ணு டெஸ்ட். உட்கார்ந்ததும் கடகடன்னு கடைசி வரி வரைக்கும் வாசிச்சுட்டாரு. எனக்கே ஆச்சரியம். சும்மா பலகையைத் திருப்பி, வேற எழுத்து இருக்கிற பக்கத்தை வெச்சேன். அப்பவும் அதே எழுத்தையே வாசிக்கிறாரு."

"மனப்பாடமா?"

"வெளிய க்யூவுல நிக்கிறப்பவே முன்னாடி போறவங்க வாசிக்கிறதைக் கேட்டு உருப்போட்டுட்டாரு. பாவம், வேலை போயிடுமேங்கிற பயம். தெரியலன்னு சொல்லியிருந்தா ஒரு கண்ணாடி போட்டு அனுப்பியிருப்பேன். அவ்வளவுதான் விஷயம். அதைச் சொல்லத்தான் அந்த மனுஷனுக்கு வாய் வரல."

காலையில் நடந்ததைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். சொன்னால் அவள் சிரிப்பாள். சிரித்துவிட்டு, சனிக்கிழமை என்ன செய்யப்போறீங்க என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு அவரிடம் விடைத்தாள் இல்லை. மென்று முழுங்கிவிட்டு எழுந்து கை கழுவினார்.

பிறகு ஒரு புதுப் பயிற்சித்தாளை எடுத்துக்கொண்டு, விடைப் பக்கத்தைக் கிழித்து அவளிடம் கொடுத்தார். "இதை உன்கிட்ட வெச்சுக்க. நான் கேட்டாலும் தராத." அவள் அதை மடித்து ரவிக்கைக்குள் செருகிக்கொண்டு பாத்திரம் தேய்க்கப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் கேள்வியை வாசித்தார். தாமிரத்தின் விலை ஏன் ஏறியது என்பதைப் பற்றி ஒரு வாக்கியம். முதல் விடைக்கு மூன்று காரணம் இருந்தது. இரண்டாவதற்கும் இருந்தது. ஐந்துக்கும் இருந்தது. ஐந்துக்கும் எதிராகவும் இருந்தது. எந்தப் பக்கம் பேசச் சொன்னாலும் பேசுகிற வக்கீல் மாதிரி மண்டைக்குள் ஒருவன் எழுந்து நின்று வாதாடிக்கொண்டே போனான், தீர்ப்புச் சொல்லும் நாற்காலி மட்டும் காலியாகக் கிடந்தது. வாய்விட்டு வாசித்துப் பார்த்தார். எங்காவது இடறுகிறதா என்று காத்திருந்தார். எங்குமே இடறவில்லை, எல்லா இடத்திலும் இடறியது. வெயில் இறங்கி எதிர்வீட்டுச் சுவரில் ஏறும்வரை அவர் முதல் கேள்வியைத் தாண்டவில்லை.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தாள். தாளில் ஒரு குறியும் இல்லை.

"என்னங்க, உடம்பு சரியில்லையா?"

"பயமா இருக்கு," என்றார். அவ்வளவு நேராக அவர் எதையும் சொல்லி ரொம்ப நாளாகியிருந்தது.

"எல்லாருக்கும்தான் பயமா இருக்கும்," என்று அவள் அவர் தலையைத் தடவினாள். அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்கிற தெம்பு அவருக்கும் இல்லை.

சனிக்கிழமை தேர்வு மையத்தின் காத்திருப்பு அறையில் அந்தப் பெண் இருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்து ஓடிவந்தாள்.

"சார்! எங்களுக்குத் தைரியம் சொல்ல வந்தீங்களா?"

"ஆமாம்மா," என்றார். "சும்மா ஒரு எட்டு பார்த்துட்டுப் போலாம்னு."

"நல்லவேளை சார். இந்த வாரம் பூரா எதை வாசிச்சாலும் உங்க குரல்தான் கேக்குது. ஒவ்வொரு விடைக்கும் மூணு காரணம் சொல்லுது. எதைப் போடுறதுன்னே தெரியல. அந்தக் குரலை எப்படி சார் நிறுத்துறது?"

அவள் வேடிக்கையாகத்தான் கேட்டாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிருந்தது. அவர் பதில் தேடிக்கொண்டிருக்கும்போதே மேசைக்குப் பின்னாலிருந்த ஊழியர் அவருடைய அடையாள அட்டையை உயர்த்திப் பிடித்து, "சார், நீங்கதானே? வாங்க, விரல்ரேகை வைக்கணும்," என்றார். "வாட்ச், பர்ஸ் எல்லாத்தையும் லாக்கர்ல வெச்சுடுங்க."

அவர் வாட்சைக் கழற்றினார். அந்தப் பெண் அட்டையைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். நகர்ந்து வழிவிட்டாள், பெரியவர்களுக்கு வழிவிடுகிற மாதிரி. பூமி பிளந்தால் இறங்கிவிடலாம் போலிருந்தது அவருக்கு.

தேர்வைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கணக்கு வந்தது, செய்தார். வாக்கியங்கள் வந்தன. முதல் சிலவற்றில் அந்த வக்கீல் எழுந்து நின்றான். மேல் மூலையில் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் நேரம் கையை மீறிப் போய்விட்டதால், வக்கீல் வாயைத் திறப்பதற்குள் எதையாவது அமுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனார். பனிக்கட்டி, தேனீ, பழைய நாணயம் என்று வாக்கியங்கள் ரயில் ஜன்னலில் போல ஓடின. ஒன்றிரண்டு இடங்களில், ரொம்ப வருஷத்துக்கு முன்பு போல, விடை தானாக வந்து நின்ற மாதிரிகூட இருந்தது. அது நிஜமா, பிரமையா என்று நின்று பார்க்க நேரமில்லை. இரண்டு வரிசை தள்ளி அந்தப் பெண்ணின் முதுகு தெரிந்தது. அவள் கன்னத்தில் கை வைத்து அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசிக் கேள்வியும் போனது. திரை வெளுத்தது. ஏற்றுக்கொள்கிறாயா, ரத்து செய்கிறாயா? கீழே இரண்டு நிமிஷம் குறைய ஆரம்பித்தது. அவர் சத்தியம் பண்ணியிருக்கிறார். ஏற்றுக்கொள்வதற்கு அது முதல் காரணம். இது கடைசித் தடவை, மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை, அது இரண்டாவது. அவளுக்குத் தெரிந்தாக வேண்டும், அது மூன்று. அவர் கை நகர்ந்தது. அதற்குள் எதிர்ப்பக்கம் எழுந்துவிட்டது. எண் மோசமாக இருந்தால் அது காலத்துக்கும் பதிவில் நிற்கும். முதலாளியம்மா எப்படியாவது அறிந்துவிடுவாள், வேலை போய்விடும். தெரியாமல் இருந்தால், வந்திருக்கலாம் என்று சொல்லிக்கொண்டாவது மிச்ச நாளை ஓட்டலாம். இதுவும் மூன்று. இரண்டு பக்கமும் அச்சுப் பிசகாமல் மூன்று மூன்றாக நின்றன. ஒரு காரணம், ஒரே ஒரு நாலாவது காரணம் கிடைத்தால் போதும் என்று அவர் திரையைப் பார்த்துக் கெஞ்சினார். கிடைக்கவில்லை. அமுக்குடா, அமுக்கித் தொலைடா என்று தன்னையே திட்டினார். விரல் விறைத்துப்போயிருந்தது. எண்கள் ஒற்றை இலக்கத்துக்கு வந்து, பூஜ்யமாகி, திரை தானாகவே ஒரு வரியைக் காட்டியது. குறித்த நேரத்துக்குள் தேர்வு செய்யாததால் உங்கள் மதிப்பெண் ரத்து செய்யப்படுகிறது. வாக்கியத் திருத்தம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை.

கண்ணாடிக் கடைக்கு நடந்தே போனார். கடையில் கூட்டமில்லை. ஒரு கிழவர் மட்டும் மூக்குக்கண்ணாடிச் சட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்து மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி இவர் முகத்தைப் பார்த்தாள், பரிசோதனை அறையின் திரைச்சீலையைத் தூக்கிப் பிடித்தாள். உள்ளே இருட்டு. இவர் அந்த உயரமான நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார். எதிரே எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக இருந்தது.

"சொல்லுங்க."

"எவ்வளவுன்னு தெரியாது. இனிமேலும் தெரியாது."

"ரத்து பண்ணிட்டீங்களா?"

"பண்ணல. ஏத்துக்கவும் இல்ல. ரெண்டு நிமிஷமும் பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருந்தேன். அதுவா ரத்தாயிடுச்சு."

அவள் சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். போட்டாள். "ஒரு பட்டன்! ஒரு பட்டனை அமுக்க முடியல உங்களால! எனக்காக அமுக்கியிருக்கக் கூடாதா?" வெளியே கிழவர் இருமினார். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள், தாழ்த்தியது இன்னும் மோசமாக இருந்தது. "நல்ல மார்க்கு, கெட்ட மார்க்கு, நான் எதைக் கேட்டேன்? தெரியணும்னுதானே கேட்டேன்." முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவர் மடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். அச்சகத்தின் விடைத்தாள், திமிங்கலம், கைதட்டல், அந்தப் பெண் வழிவிட்டது எல்லாவற்றையும், காரணம் எதுவும் சேர்க்காமல், நடந்த வரிசையில் சொன்னார். சொல்லி முடித்தபோது அவள் கதவோரம் சாய்ந்து நின்றிருந்தாள். கிழவர் வெளியிலிருந்து, "அம்மா, இது எனக்கு நல்லாருக்கா?" என்று கேட்டார். "வர்றேங்க ஐயா," என்றாள், போகவில்லை.

பிறகு ஏன் அப்படிச் செய்தாளோ, பரிசோதனைச் சட்டத்தை எடுத்து அவர் மூக்கின்மேல் மாட்டினாள். இரும்புச் சட்டம், கனமாகச் சில்லென்றிருந்தது. இடது கண்ணை ஒரு கறுப்பு வில்லையால் மூடினாள்.

"வாசிங்க."

அவர் கடகடவென்று வாசித்தார். எத்தனையோ சாயங்காலம் அவளுக்காக அந்த அறையில் காத்திருந்தவர், பலகை தலைகீழ்ப் பாடம். மூன்றாவது வரியில் அவள் விளக்கை அணைத்துப் பலகையைத் திருப்பி மறுபடி போட்டாள்.

"இப்ப வாசிங்க."

கறுப்புப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அவர் வெகுநேரம் பார்த்தார். வாய் எதையோ சொல்ல எழுந்து அடங்கியது.

"தெரியல," என்றார்.

அவள் பெட்டியிலிருந்து ஒரு வில்லையை எடுத்துச் சட்டத்தில் போட்டாள். டக்கென்று சத்தம் கேட்டது. அதை எடுத்துவிட்டு இன்னொன்றைப் போட்டாள். அவள் விரல்களில் சோப்பு வாசனை. வேலையில் இருக்கும் குரலில், அழுகை இன்னும் முழுதாக வற்றாத குரலில் கேட்டாள், "இது தெளிவா இருக்கா, முதல்ல போட்டதா?"

"முதல்ல போட்டது."

இத்தனை வருஷப் பழக்கத்தில் மூன்று காரணமும் வரும் என்று அவள் காத்திருந்தாள். வெளியே கிழவர் இன்னொரு சட்டத்தை எடுத்து மாட்டிக்கொள்ளும் ஓசை கேட்டது. இருட்டில் அவள் கையில் இருந்த வில்லை பலகையின் வெளிச்சத்தில் ஒரு சின்ன வட்டமாக மின்னிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.